கடைக் கணக்கின் இரண்டாம் நகல்

தமிழ்நாட்டுக் கடைவீதிகளுக்குக் கணினி வருமுன் ஒரு வியாபாரத்தின் கணக்கு முழுவதும் காகிதத்தில் இருந்தது. அன்றாட வரவு செலவு முதலில் சிட்டாவில் ஏறும். பிறகு அதே விவரம் ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டைக் கரையான் அரித்தால் சிட்டாவைக் கொண்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம். சிட்டா தொலைந்தால் பேரேட்டிலிருந்து பெரும்பகுதி தேறும். சரக்கு அனுப்பிய மண்டிக்காரரின் புத்தகத்திலும் அதே தொகை எதிர்ப்பக்கத்தில் நிற்கும். எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை, பார்க்கிறவர் முதலாளி. இரவில் கல்லாவை எண்ணிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே கடை அடைப்பார்கள். திருட்டும் தீயும் மோசடியும் அப்போதும் உண்டு. ஆனால் வெளியூரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர், ஒரே அடியில் ஒரு கடையின் முழுக் கணக்கையும் இல்லாமல் ஆக்கிவிட முடியாது.

இந்த வழக்கத்தைப் பாதுகாப்பு என்று யாரும் பெயரிட்டு அழைக்கவில்லை. அது கணக்கு எழுதும் முறைக்குள்ளேயே இருந்ததால் தனியாகக் கண்ணில் படவும் இல்லை. கணினி வந்தபோது சிட்டாவும் பேரேடும் ஒன்றாகிவிட்டன: ஒரு முறை பதிந்தால் போதும், பேரேடும் ஐந்தொகையும் தாமாக உருவாகும். வேலை பாதியாகக் குறைந்தது. கூடவே இரண்டாம் நகலும் போயிற்று. கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தியச் சிறுதொழில்களின் கணினிகள் வாங்கிய அடிகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை நகலின் மேலும், அதைக் கையாளும் ஒற்றை ஆளின் மேலும் விழுந்தவைதான்.

இந்த வரலாற்றுக்கு 1986 நல்ல தொடக்கம். அந்த ஆண்டில் தெற்காசியாவின் இரண்டு சிறு வியாபாரக் குடும்பங்கள் தங்கள் சொந்தத் தேவைக்காக நிரல் எழுதின. பெங்களூரில் ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதப் பட்டதாரியான மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருள்தான் பின்னாளில் டேலி ஆயிற்று. கணக்குத் தலைப்புகளுக்கு எண் குறியீடு கொடுக்காமல், பேரேட்டில் எழுதுவதுபோல் பெயரையே எழுதலாம் என்பது அதன் சிறப்பு. பழைய கணக்குப்பிள்ளைகள் அதை விரைவில் பழகிக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம்.

அதே 1986இல் லாகூரில் பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் நடத்திய கணினிக் கடையிலிருந்து பிரெய்ன் வெளிவந்தது. ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளில் பரவிய முதல் வைரஸ் அதுவே. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் சொன்னார்கள். அதனால் நிரலுக்குள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். பிரெய்ன் 360 கேபி பிளாப்பிகளின் தொடக்கப் பகுதியில் குடியேறி, பிளாப்பியின் பெயரையும் மாற்றிவிடும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. ஒரு சிறு வியாபாரத்தைக் காக்க எழுதப்பட்ட நிரல், கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போனது. அதன் வழியைப் பார்த்துப் பிறகு வைரஸ் எழுதியவர்களுக்கு அந்த நோக்கம் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த வைரஸ்கள் எப்படிப் பரவின என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அக்காலத்துக் காவல் முறை விளங்கும். கணினியை இயக்கும்போது அது முதலில் ஏ டிரைவில் பிளாப்பி இருக்கிறதா என்று பார்க்கும். முந்தைய நாள் மறந்து விட்டுப்போன பிளாப்பி உள்ளே இருந்தால் அதன் தொடக்கப் பகுதியைப் படித்து இயக்கும். அந்தப் பிளாப்பியில் இயங்குதளமே இல்லை என்ற அறிவிப்பு திரையில் வருவதற்குள் வைரஸ் நினைவகத்தில் ஏறியிருக்கும். நியூசிலாந்தின் வெலிங்டனில் தோன்றிய ஸ்டோன்டு இப்படித்தான் உலகைச் சுற்றியது. 1987இல் ஜெருசலேமில் கண்டறியப்பட்டு அந்நகரின் பெயரையே பெற்ற வைரஸ் நிரல்களில் ஒட்டிக்கொண்டு, 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும் நாளில், இயக்கிய நிரல்களையெல்லாம் அழித்தது.

இந்தியாவிலும் ஒன்று பிறந்தது. 1990இல் கண்டறியப்பட்ட ஜோஷி வைரஸ், ஜனவரி 5ஆம் தேதி கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யும்படி கேட்கும். வாழ்த்தினால் வேலையைத் தொடரலாம். பார்க்க விளையாட்டாகத் தோன்றினாலும் அதன் தொழில்நுட்பம் தேர்ந்தது. மூன்று விசைகளை ஒருசேர அழுத்திக் கணினியை மறுபடி தொடங்கினாலும் அது நினைவகத்தைவிட்டுப் போகாது. மின்சாரத்தையே நிறுத்தி, சுத்தமான பிளாப்பி போட்டுத் தொடங்கினால்தான் அதைக் களைய முடியும்.

அந்தச் சுத்தமான பிளாப்பியோடு வந்தவர்தான் சிறுதொழில் கணினியின் முதல் காவலர்: ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் மாதம் ஒரு முறையோ பழுதென்று கூப்பிடும்போதோ வரும் சர்வீஸ் ஆள். அவர் பையில் இயங்குதளப் பிளாப்பி ஒன்றும் வைரஸ் தேடும் பிளாப்பி ஒன்றும் இருக்கும். இரண்டிலும் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடியிருப்பார். ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியில் அந்த வெட்டு மூடியிருந்தால் டிரைவ் அதில் எதையும் எழுதாது. நோய் பிடித்த கணினியில் போட்டாலும் பிளாப்பி சுத்தமாகவே திரும்பும். இந்தத் துண்டு ஒட்டுத்தாள் எந்த நிரலாலும் ஏமாற்ற முடியாத காவல். மூன்றரை அங்குலப் பிளாப்பியில் அதற்குப் பதில் ஒரு சிறு நகரும் அடைப்பு வந்தது. கடைக்காரருக்கு சர்வீஸ் ஆள் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இரண்டே: மாலையில் பிளாப்பியை டிரைவில் விட்டுப் போகாதீர்கள், டேலி கோப்புகளை வாரம் ஒரு முறை வேறு பிளாப்பியில் எடுத்து வீட்டில் வையுங்கள். இரண்டாவது பாடம் சிட்டாவையும் பேரேட்டையும் மறுபடி பிரித்து வைப்பதற்குச் சமம். கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

1992 மார்ச் 6 வெள்ளிக்கிழமை மைக்கலாஞ்சலோ வைரஸ் விழிக்கும் என்ற செய்தி உலகெங்கும் பீதியைக் கிளப்பியது. லட்சக்கணக்கான கணினிகள் அழியும் என்ற கணிப்பு பொய்த்தது. பாதிப்பு ஆயிரங்களில் நின்றது. ஆனால் வைரஸ் என்ற சொல்லைச் சாதாரணக் கடைக்காரரின் காதுவரை கொண்டுபோனது அந்த வாரம்தான். வெளிநாட்டு ஆன்ட்டிவைரஸ்கள் டாலர் விலையில் இருந்தன. அவற்றை முறையாக வாங்கும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே இருந்தது. இந்த இடைவெளியில்தான் இந்திய ஆன்ட்டிவைரஸ் தொழில் தலையெடுத்தது. அது பெரிய ஆய்வுக்கூடங்களில் தொடங்கவில்லை.

புனேயில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வானொலியும் கால்குலேட்டரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கர், சொந்தமாகப் பழுதுபார்க்கும் கடை வைத்து, பிறகு கணினிகளையும் பார்க்கத் தொடங்கினார். கடைக்கு வரும் கணினிகளில் மறுபடி மறுபடி ஒரே வைரஸ்கள் இருப்பதைக் கண்டு, கணினிப் படிப்பில் இருந்த தம்பி சஞ்சய் கட்கர் அவற்றைக் களையும் சிறு நிரல்களை எழுதினார். அந்தச் சிறு நிரல்கள் சேர்ந்து 1990களின் நடுவில் குவிக் ஹீல் ஆயின. கேட் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்ற அந்தக் கடையே 2007இல் குவிக் ஹீல் டெக்னாலஜீஸ் என்று பெயர் மாறி, 2016இல் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1990களின் தொடக்கத்தில் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அதன் வளர்ச்சிப் பாதை வேறு. உள்நாட்டில் திருட்டு நகல்களோடு போட்டியிட வேண்டியிருந்த காலத்தில் அந்நிறுவனம் ஜப்பானுக்குப் போயிற்று. சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற ஜப்பானிய விற்பனை நிறுவனம் வைரஸ் செக்யூரிட்டி என்ற பெயரில் விற்ற, அங்கே பெருவாரியாகப் பரவிய மென்பொருளின் உள்ளே ஓடியது சென்னையில் எழுதப்பட்ட நிரல். ஆண்டுதோறும் சந்தா கட்ட வேண்டாம் என்ற திட்டத்தில் அது விற்கப்பட்டதும் அதன் பரவலுக்குக் காரணம்.

இந்த இரு நிறுவனங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உள்ளூர் சர்வீஸ் ஆளிடம் எந்த வைரஸ் வருகிறதோ அதுவே அவர்களுடைய ஆய்வகத்துக்கு வந்தது. ஓர் ஊரில் மட்டும் சுற்றும் வைரஸ் அமெரிக்க நிறுவனத்தின் பட்டியலில் ஏற மாதங்கள் ஆகலாம்; புனேக்கோ சென்னைக்கோ பிளாப்பியில் அனுப்பினால் சில நாளில் மருந்து கிடைத்தது. சர்வீஸ் ஆளே விற்பனை முகவராகவும் இருந்தார். கணினித் தெருக்களில், சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில், கணினியோடு சேர்த்து ஆன்ட்டிவைரஸ் பெட்டி ஒன்றும் விற்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. சிறுதொழிலின் காவல் வரலாற்றில் இந்த முகவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. சட்டமும் அரசும் வருமுன் பத்தாண்டுக் காலம் காவல் காத்தவர்கள் அவர்களே.

அவர்கள் பட்ட மிகப் பெரிய சோதனை 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் முந்தைய ஆண்டு எழுதிய சிஐஎச் என்ற வைரஸ் அன்று விழித்தது. செர்னோபில் அணு உலை விபத்தின் ஆண்டுநாள் என்பதால் செர்னோபில் வைரஸ் என்றே செய்தித்தாள்கள் எழுதின. முன்பு வந்த வைரஸ்களில் பல கோப்புகளை அழித்தன. இது இரண்டு வேலைகள் செய்தது. முதலில் ஹார்டு டிஸ்க்கின் தொடக்கத்து ஒரு மெகாபைட்டைப் பூச்சியங்களால் நிரப்பியது. அங்கேதான் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். அது போனால் டிஸ்க்கே காலியாகத் தெரியும். அடுத்து, சில வகை மதர்போர்டுகளில், கணினி விழித்தெழத் தேவையான பயாஸ் சில்லின் மேல் குப்பையை எழுதியது. அப்படிப்பட்ட கணினியின் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சில்லைக் கழற்றி மாற்ற வேண்டும், இல்லையென்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும்.

தென்கொரியா, துருக்கி, வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகள் கடுமையாக அடிபட்டன. அசெம்பிள் செய்த கணினிகளும் நகலெடுத்த மென்பொருள் தட்டுகளும் புழங்கிய இடங்கள் அவை. இந்திய வியாபாரிகளுக்கு நாளும் மோசமாக அமைந்தது. மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்து, ஓர் ஆண்டின் முழுக் கணக்கும் தணிக்கையாளருக்குப் போகக் காத்திருந்த மாதம் அது. திங்கட்கிழமை காலை கடை திறந்தவர்கள் ஆண்டுக் கணக்கைக் காணாமல் நின்றார்கள். பில் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வைத்து மறுபடி பதிந்துதான் பலர் கணக்கை மீட்டிருக்க முடியும். காகிதம் அப்போது இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

பல டிஸ்க்குகள் வேறொரு வழியிலும் மீண்டன. விண்டோஸ் 98 காலத்து டிஸ்க் அமைப்பு, கோப்பு அட்டவணையை இரண்டு நகலாக எழுதிவைக்கும். பெரிய டிஸ்க்குகளில் முதல் அட்டவணையே ஒரு மெகாபைட்டுக்கு மேல் நீண்டதால், இரண்டாம் நகல் சிஐஎச் எட்டாத தூரத்தில் இருந்தது. அந்த இரண்டாம் நகலைத் தேடியெடுத்து முதலாவதன் இடத்தில் வைக்கும் நிரல்களைப் பலர் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். அவற்றுள் நன்கு அறியப்பட்ட ஒன்றை எழுதியவர் வங்கதேச மாணவர். டிஸ்க்கை வடிவமைத்தவர்கள் கணக்குப்பிள்ளை செய்ததையே செய்திருந்தார்கள்.

1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தந்தது. ஐந்தாண்டுக்குள் மின்னஞ்சல் வியாபாரத்துக்குள் வந்துவிட்டது. வைரஸ் ஊர் விட்டு ஊர் போக மாதங்கள் ஆன காலம் 2000 மே 4ஆம் தேதி முடிந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட லவ் லெட்டர், தெரிந்தவர் அனுப்பிய காதல் கடிதம்போல் வந்து, திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. ஓரிரு நாளில் உலகைச் சுற்றியது. அதை எழுதியவரைக் கண்டுபிடித்தும் தண்டிக்க முடியவில்லை. பிலிப்பைன்ஸில் அப்போது அதற்குச் சட்டம் இல்லை. இந்திய நாடாளுமன்றம் அதே மே மாதத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தை நிறைவேற்றியது. 2000 அக்டோபர் 17இல் அது நடைமுறைக்கு வந்தது. கணினியில் வைரஸ் புகுத்துவது இழப்பீட்டுக்குரிய குற்றம் என்று அதன் 43ஆம் பிரிவு கூறியது. அப்போது அதன் உச்சவரம்பு ஒரு கோடி ரூபாய். ஆனால் தைவானிலோ மணிலாவிலோ இருக்கும் ஒருவர்மேல் ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் வழக்குப் போடுவது எப்படி என்ற கேள்விக்கு நடைமுறையில் விடை இல்லை.

2000களில் பிளாப்பியின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்தது. ஜெராக்ஸ் கடை, டிடிபி நிலையம், பிரவுசிங் சென்டர் ஆகியவற்றில் ஒரு நாளைக்குப் பல பேருடைய பென் டிரைவ்கள் ஒரே கணினியில் செருகப்படும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வந்தவரின் வைரஸ் மாலைக்குள் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவரோடு போய்விடும். விண்டோஸில் இருந்த தானியங்கு வசதி, பென் டிரைவ் செருகியவுடன் அதிலுள்ள குறிப்பைப் படித்து நிரலை ஓடவைக்க இடம் கொடுத்தது. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் அந்த வழியையும் பயன்படுத்திக்கொண்டது. பிளாப்பியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளால் முடிந்த காவல் பென் டிரைவில் முடியவில்லை. எழுதுவதைத் தடுக்கும் அடைப்பு பெரும்பாலான பென் டிரைவ்களில் இல்லை. சில ரூபாய்ச் செலவைக் குறைக்க விட்டுவிடப்பட்ட ஒரு சிறு அடைப்பு கடைகளுக்கு எவ்வளவு நட்டம் உண்டாக்கியிருக்கும் என்பது யோசிக்கத் தக்கது. விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தத் தானியங்கு வசதியை மூடும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் பரவலாக அனுப்பியது 2011 பிப்ரவரியில்.

திருத்தம் வந்ததும் எல்லாக் கடைகளுக்கும் அது போய்ச் சேரவில்லை. கணினியோடு திருட்டு நகல் விண்டோஸை ஏற்றிக் கொடுப்பது சந்தையின் வழக்கமாக இருந்தது. நகல் பிடிபட்டுவிடும் என்ற அச்சத்தில் சர்வீஸ் ஆளே தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவைத்துவிடுவார். பில்லிங் மென்பொருளும் ஆன்ட்டிவைரஸும்கூடப் பூட்டுடைத்த நகல்களாக வந்தன. பூட்டுடைக்கும் நிரலுக்குள்ளேயே வைரஸ் இருந்தது. முன்பு காவலராக வந்தவர் இந்த இடத்தில் வாசலைத் திறந்துவைத்தவராகவும் ஆனார். குற்றம் அவருடையது மட்டுமல்ல. மாதம் சில ஆயிரம் மிஞ்சும் கடைக்கு மென்பொருள் உரிமத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது.

வங்கிகள் இணையத்துக்கு வந்த பிறகு தாக்குதலின் குறி கணக்குப் புத்தகத்திலிருந்து பணத்துக்கே மாறியது. வங்கியின் பெயரில் பொய் மின்னஞ்சல் அனுப்பி, பொய்த் தளத்தில் பாஸ்வேர்டை வாங்கும் வழி பரவியது. ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஆள்: திறவுகோல் ஒன்றாகிவிட்டதன் விளைவு இது. ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கு இரண்டாவது சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. பல நாடுகளுக்கு முன்பாக இந்தியா எடுத்த முடிவு இது. பின்னர் எல்லார் கைப்பேசிக்கும் வரும் ஓடிபி பழகியது அதன் வழியாகத்தான்.

நட்டம் யாருடையது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரு விடை நாடு முழுவதும் கவனிக்கப்பட்டது. தூத்துக்குடிக் கிளையொன்றில் கணக்கு வைத்திருந்த, வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவரின் பணம் 2007இல் இப்படிப் பறிபோனது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்பு அதிகாரியாக இருந்த தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் செயலர், 2010 ஏப்ரல் 12இல், வங்கியின் பாதுகாப்புக் குறைபாட்டைக் காரணம் காட்டி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதே கேள்விக்குப் பொதுவிதி ஒன்றை வகுத்தது: வாடிக்கையாளர்மேலும் வங்கிமேலும் தவறில்லாத மின்னணு மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. இது பாஸ்வேர்டைத் தானே கொடுத்துவிட்டவருக்குப் பொருந்தாது. ஏமாற்றுபவர்கள் கேட்டு வாங்கும் வழிக்கு மாறியதால், அந்த விலக்கு கடைக்காரர்கள் பலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்களுக்கு வந்த ஆபத்தில் வைரஸின் பங்கு குறைவு. திருப்பூர்ப் பின்னலாடை, கரூர் வீட்டுத்துணி, ஆம்பூர்த் தோல் போன்ற தொழில்களில் வெளிநாட்டு வாங்குபவரோடு பேச்செல்லாம் மின்னஞ்சலில் நடக்கும். மோசடிக்காரர் ஒரு பக்கத்து அஞ்சல் பெட்டியின் பாஸ்வேர்டைப் பிடித்து, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படிப்பார். சரக்கு கப்பலேறி, பணம் வரவேண்டிய நாள் நெருங்கும்போது, ஒரெழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து ஓர் அஞ்சல் போகும்: வங்கியில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. விலைப்பட்டியலின் எண், தொகை, கப்பலின் பெயர் எல்லாம் சரியாக இருப்பதால் சந்தேகம் எழாது. எந்த ஆன்ட்டிவைரஸும் இதைப் பிடிக்காது. அஞ்சலில் வைரஸே இல்லை. இதற்கு எதிராக நிலைத்த ஒரே வழக்கம், கணக்கு எண் மாறினால் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் வாங்குபவரைக் கூப்பிட்டுக் குரலில் உறுதி செய்வது. புதிய அஞ்சலில் உள்ள எண்ணைக் கூப்பிடக் கூடாது. மண்டிகளில் பெரிய தொகைக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவரும் பழைய வழக்கம் தொலைபேசியில் தொடர்கிறது.

அன்றன்று ஒத்துப் பார்ப்பதன் பலனுக்குக் கும்பகோணத்தில் ஒரு சான்று உண்டு. அங்கே தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் சர்வதேசப் பணப்பரிமாற்ற அமைப்புக்குள் 2018 பிப்ரவரியில் புகுந்தவர்கள், துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் அளவுக்கு மூன்று பொய் உத்தரவுகளை அனுப்பினார்கள். மறுநாள் காலைக் கணக்கு ஒப்பீட்டில் அது வெளிப்பட்டதால் ஒரு பகுதியை உடனே தடுக்க முடிந்தது. வங்கி சிறுதொழில் அல்ல. ஆனால் அதைக் காத்த வேலை எந்தக் கடையும் செய்யக்கூடியது.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வழிக்குத் தொடக்கம் 1989 டிசம்பர். ஜோசப் பாப் என்ற உயிரியலாளர் எய்ட்ஸ் பற்றிய தகவல் தட்டு என்று சொல்லிச் சுமார் 20,000 பிளாப்பிகளைப் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பினார். கணினியை 90 முறை தொடங்கிய பிறகு அது கோப்புப் பெயர்களைக் குழப்பிவிட்டு, 189 டாலரைப் பனாமாவில் ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொல்லும். பூட்டு பலவீனமானது, பணம் வாங்கும் வழி அதைவிடப் பலவீனமானது. இரண்டும் சரியாவதற்குச் சுமார் 24 ஆண்டுகள் ஆயின. 2013 செப்டம்பரில் வந்த கிரிப்டோலாக்கர் யாராலும் உடைக்க முடியாத மறைகுறியீட்டையும், வாங்குபவர் முகம் காட்டத் தேவையில்லாத பிட்காயினையும் சேர்த்தது. சிறுதொழில்கள் அதற்கு ஏற்ற இரையாயின. பெரிய நிறுவனத்துக்குத் தனிக் காவல் குழு உண்டு. வீட்டுக் கணினியில் இழந்தாலும் பிழைப்பு போகாது. நடுவே இருக்கும் கடைக்குக் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. காவலுக்கு ஆளும் இல்லை.

2017 மே 12இல் வான்னாக்ரை வந்தபோது அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தம் ஏற்றாத கணினியில் யாரும் எதையும் திறக்காமலே அது வலைப்பின்னல் வழியாகப் புகுந்து 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறை, கேரளப் பஞ்சாயத்து அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகள் செய்தியில் அடிபட்டன. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இலேயே முடிந்திருந்தும், நிலைமையின் தீவிரத்தைக் கண்டு அதற்கும் திருத்தம் வெளியிடப்பட்டது.

பெயர் பரவாத இரண்டு வைரஸ் குடும்பங்கள் சிறுதொழில்களுக்கு அதைவிடத் தீராத தொல்லை தந்தன. வீட்டிலிருந்தே டேலி பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, கடைக் கணினியின் தொலைநிலை இணைப்பை எளிய பாஸ்வேர்டோடு இணையத்துக்குத் திறந்துவிட்டார்கள். அந்த வாசல்களை ஊர் ஊராகத் தட்டிப் பார்த்துப் பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்தது தார்மா. 2020 மார்ச் ஊரடங்கில் இத்தகைய வாசல்கள் இன்னும் பெருகின. மற்றொன்றான ஸ்டாப், பூட்டுடைத்த மென்பொருளோடு வந்தது. 980 டாலர் கேட்டது, மூன்று நாளுக்குள் கொடுத்தால் பாதி. அதிகம் அடிபட்ட நாடுகளுள் இந்தியா ஒன்று. நெதர்லாந்துக் காவல்துறை, யூரோபோல், காஸ்பர்ஸ்கி உள்ளிட்டோர் 2016 ஜூலையில் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. ஸ்டாப்பின் பழைய வகைகள் பலவற்றுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் சாவி வெளியிட்டது. புதியவற்றுக்கு அந்த வழி இல்லை.

இந்தத் தாக்குதல்கள் பேக்கப் என்ற சொல்லின் பொருளைத் திருத்தின. வெளி ஹார்டு டிஸ்க்கில் தினம் நகலெடுத்த கடைகளும் இழந்தன. டிஸ்க் எந்நேரமும் கணினியில் செருகியே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. நகல் எடுத்ததும் கழற்றி வேறு இடத்தில் வைப்பது, கிழமைக்கு ஒரு டிஸ்க் என்று மாற்றுவது, மாதம் ஒரு முறை நகலிலிருந்து கணக்கைத் திறந்து பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது இரண்டாம் நகல். பிளாப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்ன சர்வீஸ் ஆளின் பாடத்துக்கு 25 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த உறுதி இது.

2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, அதே நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கத்துக்குப் பின் பூக்கடை, டீக்கடை வரை போயிற்று. மோசடியும் கூடவே எளிமையானது. கடையின் கியூஆர் அட்டைமேல் இரவில் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போவது, பணம் அனுப்பியதுபோல் பொய்யான கைப்பேசித் திரையைக் காட்டுவது, பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ரகசிய எண்ணை இடச் செய்வது. இவற்றுக்குக் கிடைத்த சிறந்த மறுமொழி, தொகையைச் சத்தமாகச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி. கைவேலையாக இருக்கும் கடைக்காரர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பவும் வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியைச் சாராமல் வரும் இரண்டாவது சாட்சி அது.

அரசின் அமைப்புகள் மெல்ல வந்தன. கணினி அவசரநிலைகளைக் கையாளும் செர்ட்-இன் 2004 ஜனவரியில் தொடங்கியது. 2017 பிப்ரவரியில் அதன்கீழ்ச் சைபர் ஸ்வச்சதா மையம் இலவசச் சுத்திகரிப்பு நிரல்களை வழங்கத் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமும், 2021இல் பண மோசடிக்கான உதவி எண்ணும் வந்தன. 155260 என்றிருந்த எண் மறு ஆண்டு 1930 ஆயிற்று. புகார் வந்த முதல் சில மணி நேரத்துக்குள் பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்க முயல்வதே அந்த எண்ணின் பயன். தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் உத்தரவிட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் தங்களால் இயலாது என்று சொன்னதால் அவற்றுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனச் சட்டத்தின் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் அவ்வப்போது வைத்தால் போதும் என்றிருந்த விதி, நாள்தோறும் வைக்க வேண்டும் என்று மாறியது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிந்த கணக்கில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் நிறுவனச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு மட்டுமே. தனி உரிமையாளர் கடைகளும் கூட்டு வணிகங்களும், அதாவது கடைவீதியின் பெரும்பகுதி, இவற்றுக்கு வெளியே இருக்கின்றன. அங்கே இரண்டாம் நகல் இருப்பதும் இல்லாததும் உரிமையாளரின் பழக்கத்தையும் அவருடைய சர்வீஸ் ஆளையும் பொறுத்தது.